பாளைக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை?

"அந்தக் காலத்து ஆட்கள் ஓய்வுநாளை எவ்வளவு ஒழுங்காக ஆசரித்தார்கள்! நீங்கள்தான் ஞாயிறும் லேப்டாப்பைத் திறக்கிறீர்கள்" என்று போன வாரம் வேதக்கோயிலில் (சர்ச்சில்) ஒரு பிரசங்கம் கேட்டேன். எங்கள் செம்மணல் தேரிக்காட்டில் எந்தக் காலத்து ஆட்களைச் சொல்கிறார் என்றுதான் விளங்கவில்லை. என் தாத்தா பனையேறி. ஞாயிறும் ஏறியவர்.

வேறு வழி கிடையாது. பாளையை, அதாவது பனையின் பூங்குலையை, காலையும் மாலையும் சீவிவிட்டால்தான் பதநீர் சுரக்கும். விட்டுவிட்டால் சீவின முகம் காய்ந்துபோகும். முப்பது நாற்பது மரம், ஒவ்வொன்றிலும் இரண்டு தரம். நெஞ்செல்லாம் காய்ப்பு. ஏறுமுன் மரத்தைத் தொட்டுக்கொண்டு கொஞ்சநேரம் நிற்பார், அதுதான் ஜெபம். பனையிலிருந்து விழுந்து செத்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஊர் உண்டு. ராத்திரி குடும்ப ஜெபத்தில் பாதியிலேயே தூங்கிவிடுவார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இறக்கின பதநீரும் காத்திருக்காது. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாலும் அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். அது ஆச்சியின் பாடு. பதநீர் காய்ச்சுகிற குடிசையான விடிலியின் புகையில் நின்று கிண்டி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவது வரை அவள்தான். தாத்தாவின் கல்லறையில் "குடும்பத்துக்காக உழைத்தவர்" என்று எழுதியிருக்கிறோம். ஆச்சிக்கு "அன்பான மனைவி", அவ்வளவுதான். இதை மாற்றச் சொல்லிச் சித்தப்பாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், அது தனிக்கதை.

ஞாயிறு காலை ஏற்றத்தை முடித்து, குளித்து, வேட்டி மாற்றிக் கோயிலுக்குள் நுழையும்போது பாதி ஆராதனை போயிருக்கும். சபை ஊழியரான உபதேசியார் கேட்டால், "குழியில விழுந்த மாட்ட ஓய்வுநாள்ல தூக்கலாம்னு வேதமே சொல்லுதுன்னா, என் பாளையச் சீவக்கூடாதா?" என்பாராம். ஆனால் அன்றைய காலைப் பதநீரை மட்டும் விற்கமாட்டார். வழியில் போகிறவர்களுக்குப் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுப்பார். மிச்சம் கருப்பட்டியாகிக் கோயில் ஏலத்துக்குப் போகும். யாரும் போட்ட சட்டமில்லை, அவராகப் போட்டுக்கொண்டது. முன்வரிசையில் ஐந்து நிமிஷம் முன்னாடியே வந்து உட்கார்ந்தவர்களின் பக்தியைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

மிஷனரி கால்டுவெல் ஐயர் 1841இல் இடையன்குடிக்கு வந்தார். அங்கே அவர் கட்டின கோயில் முடிய 33 வருஷம் பிடித்தது, 1880இல்தான் பிரதிஷ்டை. இந்தச் செம்மண் காட்டில் அப்படிப்பட்ட கோயில்களை நிறைத்தவர்களில் பெரும்பாலோர் பனையேறிக் குடும்பத்தார். அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் ஓய்வுநாளைப் பற்றிப் பேசுகிறவர் பனங்காட்டுப் பக்கம் ஒருதரம் போய்வந்திருக்கலாம்.

இன்றைக்கும் எங்கள் சபையில் பஸ் ஓட்டுகிறவர் இருக்கிறார், ஆஸ்பத்திரியில் ஷிப்ட் பார்க்கிறவர் இருக்கிறார். நாலு ஞாயிறு தலை காட்டாவிட்டால் "பின்வாங்கிப் போனவர்" என்று பேச்சு. இவர்களுக்காக ஞாயிறு சாயங்காலம் ஓர் ஆராதனை வையுங்கள் என்று கேட்டேன். கரண்ட் செலவு கட்டுப்படியாகாது என்கிறார்கள் கமிட்டியில். அசனத்துக்கு (சபை விருந்துக்கு) போடுகிற பந்தல் செலவில் தசமபாகம்கூட ஆகாது அது.