பாதை முதலில், ஆலை பிறகு

கிழக்கிலங்கையின் வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்காகத்தான் மட்டக்களப்புக்கு ரயில் பாதை போட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். காலவரிசை அப்படி இல்லை என்பதை மட்டும் தயவாகச் சொல்லிக்கொள்கிறேன்.

மாகோவில் பிரிந்து திருகோணமலை போகும் பாதையில், ஹபரணை தாண்டிக் கல்லோயாச் சந்தியில் கிளைவிடுகிறது நம்முடைய மட்டக்களப்புப் பாதை. பொலன்னறுவை, மணம்பிட்டி, வெலிகந்தை, புணானை, வாழைச்சேனை வழியாக மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். கடதாசி ஆலை உற்பத்தி தொடங்கியதோ 1950களின் நடுப்பகுதியில். இடையில் கால் நூற்றாண்டுக்கு மேல். வரப்போகும் ஆலையை நினைத்து வெள்ளைக்காரன் மகாவலிக்குக் குறுக்கே மணம்பிட்டியில் அவ்வளவு நீள இரும்புப் பாலம் கட்டியிருக்க மாட்டான். 2007இல் புதிய வீதிப் பாலம் திறக்கும்வரை பஸ்ஸும் லொறியும் அந்தப் பாலத்தில் தண்டவாளத்தின் மேல்தான் போய் வந்தன. ரயில் வந்தால் எல்லாம் ஒதுங்கி நிற்க வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ரயில்வேயின் பழைய ஆண்டு நிர்வாக அறிக்கைகளைக் கேட்டு, 1928ஆம் ஆண்டுக்குரியதைப் பாருங்கள். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், 1950க்கு முன் அச்சான நில அளவைத் திணைக்கள வரைபடம் ஒன்றை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். வாழைச்சேனையில் தண்டவாளம் இருக்கும், ஆலை இருக்காது.