ஹோல்டன் பிழைத்துக்கொண்டான்

‘தி கேட்சர் இன் தி ரை’ நாவலின் நாயகன் ஹோல்டன் கால்ஃபீல்டையும், 27 வயதில் தற்கொலை செய்துகொண்ட நிர்வாணா ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேனையும் அண்ணன் தம்பி போலச் சேர்த்தே பேசுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. 1951-இல் சாலிஞ்சர் படைத்த அந்தப் பதினாறு வயதுப் பையன் பெரியவர்களின் போலித்தனத்தைக் கண்டு குமைகிறான். ஆனால் கோபத்துக்கு அடியில் கிடப்பது துக்கம். தம்பி ஆலி இறந்த இரவில் காரேஜ் ஜன்னல் கண்ணாடிகளை வெறுங்கையால் உடைத்தவன் அவன். பேஸ்பால் கையுறை முழுக்கத் தம்பி பச்சை மையில் எழுதிவைத்த கவிதைகளை நினைத்து மருகுகிறவன். கோபேனுக்கு ஒன்பது வயதில் பெற்றோர் பிரிந்தார்கள். வீடு மாறி வீடு வளர்ந்தார். இதையெல்லாம் வெறும் திமிர் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஆனால் ஒப்பீடு ஓரிடத்தில் முறிகிறது. ஹோல்டன் சாகவில்லை. கதையைச் சொல்லி முடிக்கும்போது, தான் திட்டித் தீர்த்தவர்களையே அவன் மனம் தேடுகிறது. 1774-இல் வந்த ஜெர்மன் நாவலில் அதன் நாயகன் வெர்தர் தன்னையே மாய்த்துக்கொண்டான். அவனைப் படைத்த கதே 82 வயதுவரை வாழ்ந்தார். சாலிஞ்சர் 91. வேதனையை ஒரு பாத்திரத்தின் தோளில் ஏற்றிவிட்டு அவர்களால் நகர முடிந்தது.

ராக் பாடகருக்கு அந்த வழி இல்லை. எழுதுகிறவரும் அவர்தான், பாத்திரமும் அவர்தான். இரவுதோறும் அதே காயத்தை மேடையில் திறந்துகாட்ட வேண்டும். ஜாய் டிவிஷன் என்ற ஆங்கில ராக் குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸுக்கு மேடையிலேயே வலிப்பு வந்தபோது, அதையும் அவரது ஆட்டம் என்று நினைத்தவர்கள் உண்டு. 1980-இல் அவர் தற்கொலை செய்துகொண்டபோது வயது 23. நிர்வாணாவின் ‘இன் யூட்டரோ’ ஆல்பத்தின் முதல் வரியிலேயே, பதின்வயது வேதனை நல்ல லாபம் தந்தது, இப்போது சலித்துக் கிழடாகிவிட்டேன் என்று பாடுகிறார் கோபேன். அப்போது அவருக்கு 26.

1993 நவம்பரில், எம்டிவியின் ‘அன்பிளக்டு’ நிகழ்ச்சிக்கு லில்லிப் பூக்களும் கறுப்பு மெழுகுவத்திகளும் கேட்டார். இறுதிச்சடங்கு போலவா என்று தயாரிப்பாளர் கேட்க, அதேதான் என்றார். ஐந்து மாதத்துக்குள் அவர் இல்லை. அந்தப் பூக்களைத் தீர்க்கதரிசனம் என்று வியப்பவர்களைக் கண்டால் எனக்குக் கசக்கிறது. அன்று பாடியதைக் கேளுங்கள்: பதினான்கில் ஆறு பிறருடைய பாடல்கள். தன்னை உலகறியச் செய்த பாட்டைத் தொடவேயில்லை. இன்னொருவரின் சொற்களுக்குள் சற்று நேரமாவது குடியிருக்க முயன்ற மனிதரையே நான் அங்கே காண்கிறேன்.

27 வயதில் இறந்த இசைக்கலைஞர்களைக் ‘கிளப்’ என்று கூட்டிவைத்துக் கொண்டாடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கோபேனின் அதே சியாட்டில் ராக் உலகம், அதே காலம். அப்பா என்று நம்பியவர் அப்பா இல்லை என்று பதின்வயதில் அறிந்தவர் பேர்ல் ஜாம் குழுவின் பாடகர் எடி வெடர். அறுபதைத் தாண்டியும் பாடிக்கொண்டிருக்கிறார். ஹோல்டனுக்கு நெருங்கிய உறவு தேடுகிறவர்கள் அவரிடமிருந்து தொடங்கட்டும்.