டெர்செட்டோ வீடும் எங்க ஊர் கூத்துத் திரையும்

ரெண்டு வாரமாக ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து 'அலோன் இன் தி டார்க்' என்ற திகில் வீடியோ கேமை முடித்தேன். 1992-ல் வந்த பழசு இல்லை, 2024 மார்ச்சில் வந்த புதுசு. வந்த சமயத்தில் வாங்க முடியவில்லை, இப்போது தள்ளுபடியில் கிடைத்தது. எட்வர்ட் கார்ன்பியாக ஒரு தடவை, எமிலி ஹார்ட்வுட்டாக ஒரு தடவை, இரண்டையும் முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மனசு ஆறவில்லை, அதனால் பதிவு நீளமாகத்தான் போகும்.

கதை தெரியாதவர்களுக்காக: 1920-கள், அமெரிக்காவின் லூசியானா. டெர்செட்டோ என்று ஒரு பழைய மாளிகை, மனநோயாளிகளை வைத்துப் பார்க்கும் இடம். அங்கே இருக்கும் எமிலியின் சித்தப்பா ஜெரமியிடமிருந்து பயந்துபோய் எழுதிய கடிதம் வருகிறது, அவரைத் தேடி எமிலி கார்ன்பி என்ற தனியார் துப்பறிவாளரைக் கூட்டிக்கொண்டு போகிறாள், இந்த ரெண்டு பேரில் ஒருவராக நாம் விளையாடலாம். தொப்பி, சிகரெட் புகை, பாதி முகத்தில் விழும் நிழல், யார் சொல்வது உண்மை என்றே தெரியாத மனிதர்கள் என்று நுவார் கதைக்கு, அதாவது இருண்ட துப்பறியும் கதைக்கு, வேண்டியது எல்லாமே இருக்கிறது.

அந்த வீடு இருக்கிறதே, அதை மனசாரப் பாராட்டுகிறேன். ஒவ்வொரு அறையையும் யாரோ வாழ்ந்த அறையாகவே செய்திருக்கிறார்கள். கடிதத்தைப் படித்து, படத்தைப் பார்த்து, எண்ணைக் கண்டுபிடித்து, ஜெரமியின் தாயத்தில் அந்த எண்களைத் திருப்பி வைத்தால், கதவுக்கு அந்தப் பக்கம் வேறொரு ஊரே திறக்கிறது. ஆரம்பத்திலேயே பழைய முறையா நவீன முறையா என்று கேட்பார்கள். பழைய முறை எடுத்தால் துப்பு எதையும் காட்டிக்கொடுக்காது, நாமே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். நான் அதைத்தான் எடுத்தேன், ஒரு பூட்டுக்காக முழு ராத்திரி போனது, அது சுகமான ராத்திரி. ஜேசன் கோனெனின் இசை வேறு, மெதுவாக இழுத்து வாசிக்கும் இருண்ட ஜாஸ், ஹெட்போனில் கேட்டால் பக்கத்து அறையில் யாரோ உட்கார்ந்து வாசிக்கிற மாதிரியே இருக்கும்.

இவ்வளவும் செய்துவிட்டு கேம் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் துப்பாக்கியைத் தூக்கிவிடுகிறது. என் கோபமே அங்கேதான்.

பென்னாகரம் பக்கம் எங்க ஊர்த் திரௌபதியம்மன் கோயிலில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவன் நான். துச்சாதனன் வரும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ரெண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆள் தெரியாது. சலங்கைச் சத்தம் கேட்கும், கிரீடத்தின் நுனி தெரியும், துணிக்குப் பின்னால் இருந்தே பாட்டு வரும். கட்டியங்காரன் ஏதோ கேட்பான், பதில் மட்டும் வரும். சின்ன வயதில் நான் அம்மா முந்தானைக்குள் தலையை விட்டது துச்சாதனன் வெளியே வந்த பிறகு இல்லை, அந்தத் துணி ஆடிக்கொண்டிருந்த நேரத்தில்தான்.

இந்த கேமில் அந்தத் துணியே கிடையாது. கய் டேவிஸ் மாதிரி ஒரு ஓவியரை வைத்துப் பிசாசுகளை வரைந்திருக்கிறார்கள், நின்று பார்த்தால் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் வந்த வேகத்துக்குச் சுட்டுத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறோம். அதைவிட மோசம், வரப்போவது முன்பே தெரிந்துவிடுகிறது. செங்கல்லோ தீப்பிடிக்கும் பாட்டிலோ எதையும் பையில் போட்டு எடுத்துப்போக முடியாது, எடுத்த இடத்திலேயே எறிய வேண்டும். அதனால் சண்டை நடக்கப்போகிற இடத்தில் அவற்றை முன்கூட்டியே பரப்பி வைத்திருக்கிறார்கள். ஒரு முற்றத்துக்குள் நுழைந்ததும் நாலு செங்கல் கிடந்தால், சரி, இங்கே சண்டை என்று புரிந்துவிடும். அப்புறம் எங்கிருந்து பயம் வரும்? அடிக்கிற ஆயுதங்களும் கொஞ்ச நேரத்தில் உடைந்துவிடுகின்றன, அடி விழுந்ததா இல்லையா என்பதே கைக்குத் தெரிவதில்லை.

1992 கேமில் ஆட்டம் தொடங்குவதே பரண் அறையில். ஜன்னல் வழியாக ஒன்று உள்ளே வரப் பார்க்கும். அலமாரியைத் தள்ளி ஜன்னலை அடைக்கலாம், பெட்டியை இழுத்துத் தரைக் கதவின் மேல் வைக்கலாம். அடைத்துவிட்டு, அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நிற்கிறோம் பாருங்கள், அதுதான் துணி ஆடும் நேரம். கட்டம் கட்டமான உருவங்களை வைத்துக்கொண்டே அதைச் செய்தார்கள்.

புதுசை எழுதி இயக்கிய மிக்கேல் ஹெட்பெர்க் யாரோ புது ஆள் என்றால் விட்டிருப்பேன். 2010-ல் வந்த 'அம்னீசியா', 2015-ல் வந்த 'சோமா', இரண்டின் கதையிலும் வேலை செய்தவர். இரண்டிலும் விளையாடுகிறவர் கையில் ஆயுதமே கிடையாது. ஓடலாம், ஒளியலாம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட கேம்களில் இருந்து வந்தவரின் கையில் இந்த வீடு கிடைத்தும் ஏன் இத்தனை தோட்டா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அடுத்தது ஆட்கள். கார்ன்பிக்கு நடிகர் டேவிட் ஹார்பரும் எமிலிக்கு நடிகை ஜோடி காமரும் முகமும் குரலும் கொடுத்திருக்கிறார்கள். கார்ன்பி கதவுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேற்றிலிருந்து எழுந்து வரும் ஒன்றைச் சுட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார், வழியில் பார்க்கிறவர்களிடம் சாதாரணமாகப் பேசுகிறார். கை நடுங்க வேண்டாமா? பார்த்தது நிஜமா என்று தன்னையே சந்தேகப்பட வேண்டாமா? நுவார் என்றால் எனக்குத் தொப்பி இல்லை, அந்தச் சந்தேகம்தான்.

ரெண்டு பேர் கதை என்று சொல்லி விற்றதும் எனக்கு வருத்தம். எமிலிக்கென்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது, சில பேச்சுகள் மாறுகின்றன. மற்றபடி பெரும்பாலும் அதே அறைகள், அதே புதிர்கள், அதே சண்டைகள். அந்தத் தனிப் பகுதியின் அளவுக்கு முழுக் கதையும் பிரிந்திருந்தால் இந்தப் பதிவே வேறு மாதிரி இருந்திருக்கும்.

இதைச் செய்த பீசஸ் இன்டராக்டிவ் ஸ்வீடனில் இருந்த சின்ன நிறுவனம். கேம் வெளியாகி மூன்று மாதத்தில், 2024 ஜூனில், தாய் நிறுவனமான எம்பிரேசர் அதை மூடிவிட்டது. அந்த வீட்டை இழைத்து இழைத்துச் செய்த கைகளுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்திருக்க வேண்டும். என் குறை அவர்கள் உழைப்பின் மேல் இல்லை.

அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், பன்னிரண்டு வயது. வீட்டுக்குள் நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு "மாமா, அந்த ரூமுக்குப் போகாதீங்க" என்றான். சண்டை வந்ததும் கையை விட்டுவிட்டு செல்போனை எடுத்துக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் இதேதான்.

யாராவது வாங்குவதாக இருந்தால் எமிலியாக ஒரே ஒரு தடவை, பழைய முறையில், ஹெட்போன் போட்டு விளையாடுங்கள். மாடி அறைகளில் அவசரப்படாமல் இருங்கள், கடிதம் எல்லாவற்றையும் படியுங்கள். முழு விலை கொடுக்க வேண்டாம்.