ரேஷன் கடை வரிசையில் அம்மா

அறுபதைத் தாண்டியதும் வீட்டில் முதலில் காணாமல் போவது வண்டிச் சாவிதான். எனக்கு 63. வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டை வரை ஸ்கூட்டரில் போய், அகழியோரம் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வருவது வழக்கம். ஒருநாள் ஆணியில் சாவி இல்லை. "எங்க போகணும்னு சொல்லுங்கப்பா, நான் கொண்டுபோய் விடறேன்" என்றான் மகன். பாசம்தான். ஆனாலும் அன்று முழுக்க அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. இதே வேலையைத்தானே நான் அம்மாவிடம் செய்துகொண்டிருக்கிறேன்?

அம்மா குடியாத்தத்தில் தனியாக இருக்கிறாள். 84 வயது. நாற்பது வருடம் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றியவள். இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டிக் கட்டி விரலில் ரேகையே தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினில் கட்டைவிரலை வைத்தால் எடுக்காது. முந்தானையில் துடைத்துவிட்டு வைப்பாள். அப்புறம் அடுத்த விரல். கடைசியில் கண்ணைக் காட்டுவாள். பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அவள் அசரமாட்டாள், எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தது. 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டு வாசலுக்கே ரேஷன் பொருள். நடக்க முடியாதவர்களுக்குப் பெரிய உதவி, அதில் சந்தேகமில்லை. விட்டது தொல்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

"எல்லாம் வூட்டுக்கே வந்துட்டா நான் எதுக்குடா வெளிய போறது?"

கூடப் பீடி சுற்றியவர்களில் மிச்சமிருக்கும் மூன்று பேரை அவள் பார்ப்பது அந்த வரிசையில்தானாம். சரி என்று போன மாதம் நானும் கூடப் போனேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு சின்னப் பெண், பிள்ளைக்குச் சளி என்று இவளிடம்தான் கேட்டாள். "மூச்சு இழுக்குதா பாரு. இழுத்தா கைவைத்தியம் வேணாம், நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடு." அவ்வளவுதான் சொன்னாள். ஐந்து பிள்ளை பெற்று இரண்டைப் பறிகொடுத்தவள். ஓமம், கற்பூரவல்லி என்று ஆரம்பிப்பாள் என எதிர்பார்த்தது என் தப்பு.

கேட்காமல் ஒருவருக்காக முடிவெடுப்பது, எவ்வளவு பாசத்தோடு செய்தாலும், என் கணக்கில் மரியாதைக் குறைவுதான். மகனிடமும் இதைச் சொன்னேன். சாவி ஆணிக்குத் திரும்பிவிட்டது. ராத்திரியில் மட்டும் ஓட்டுவதில்லை என்று நானே சொல்லிவிட்டேன், எதிர்வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது.

அன்று கடையிலிருந்து வரும்போது அரிசிப் பையை நான்தான் தூக்கினேன். பாதித் தெருவில் அம்மா நின்றாள். "உனக்கு மேமூச்சு வாங்குது. இறக்கி வை, செத்த நின்னுட்டுப் போலாம்."