குப்பிக்கும் கணக்கு வேண்டும்

லுக்குட் பக்கம் ஒட்டுக்கடையில், ஆபத்தான கிருமிகளை வைத்திருக்கும் ஆய்வகங்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று பேசினால், "நிப்பாக் கிருமி வௌவாலிடம் இருக்கிறது, வௌவால் செம்பனைக்கு மேலே பறக்கிறது, ஆய்வகத்தைப் பூட்டி என்ன ஆகப் போகிறது அண்ணே?" என்று கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். 1998-99இல் சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தைப் புரட்டிப்போட்ட கிருமி எந்த ஆய்வகத்திலிருந்தும் வரவில்லை. மலேசியா முழுவதும் 265 பேர் நோயுற்றார்கள், 105 பேர் இறந்தார்கள், பன்றிகள் வழியே பரவியதால் பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்றார்கள்.

ஆனால் வௌவாலிடமிருந்து மனிதருக்கு வரப் பல தற்செயல்கள் கூடி வர வேண்டும். ஆய்வகத்திலோ அதே கிருமி பெருக்கப்பட்டு, பெயர் ஒட்டிய குப்பியில் உறைந்திருக்கும். கையாளத் தெரிந்தவரும் பக்கத்திலேயே இருப்பார். 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் வைத்து அனுப்பிய கடிதங்களால் ஐந்து பேர் இறந்தார்கள். அனுப்பியவர், இராணுவ ஆய்வகத்தில் அதே கிருமியோடு பல ஆண்டுகள் வேலை பார்த்த விஞ்ஞானி என்பது எஃப்.பி.ஐ.யின் முடிவு. (வழக்குக்கு முன்பே அவர் இறந்துவிட்டார்.) அங்கே இன்று, ஆபத்தானவை என்று பட்டியலிட்ட கிருமிகளைத் தொடும் ஒவ்வொருவரின் பின்னணியையும் அரசு சோதிக்கிறது. நிப்பாவும் பட்டியலில் உண்டு. விஞ்ஞானியைச் சந்தேகிப்பதா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். தோட்டத்து ஸ்டோரில் களைக்கொல்லி எடுப்பவரும் கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்கிறார், அவர் கோபித்துக்கொள்வதில்லை.

அந்த விதிகளில் எனக்குப் பிடித்தது வேறொன்று. நோயாளியின் இரத்தத்தைச் சோதிக்கும் ஆய்வகம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள கிருமி என்று தெரிந்தால் உடனே அறிவித்து, ஏழு நாளுக்குள் அனுமதி பெற்ற இடத்துக்கு மாற்ற வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். இங்கே நிப்பா பரவியபோது, அது கொசு பரப்பும் ஜே.இ. மூளைக்காய்ச்சல் என்று நம்பிக் கொசுவுக்குப் புகை அடித்துக்கொண்டிருந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்த பிறகே வழி தெரிந்தது. அவரை அனுமதிக் கடிதத்துக்கு அலையவிட்டிருந்தால் இன்னும் எத்தனை வீடுகளில் சாவு விழுந்திருக்குமோ!

கண்டுபிடித்ததைச் சேர்த்து வைப்பதில்தான் எனக்குப் பயம். பெரியம்மைக் கிருமி உலகில் இரண்டே ஆய்வகங்களில் இருக்கலாம் என்பது ஏற்பாடு. 2014இல் வாஷிங்டனுக்கு அருகே பெத்தெஸ்டாவில் பழைய சேமிப்பறையைக் காலி செய்தபோது 1950களின் பெரியம்மைக் குப்பிகள் கிடைத்தன. இரண்டில் கிருமி உயிரோடு இருந்தது.

நம் பல்கலைக்கழகங்களிலும் ஆண்டுக்கு ஒருமுறை குப்பிகளை எண்ண வேண்டும், அந்த ஆய்வில் சம்பந்தப்படாத ஒருவர் எண்ண வேண்டும். பேராசிரியர் ஓய்வு பெறும் நாளில், அறைச் சாவியை வாங்குவதற்கு முன் அவருடைய உறைபெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.