எலி கடித்த ரீடிங்

அரிசோனாவில், நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் தண்ணீர் அளக்கிற வேலை எனக்கு. படித்த படிப்பெல்லாம் எலியிடம் செல்லுபடியாகவில்லை. கிணற்றுக்குள் தொங்கும் சென்சாரின் கேபிளை, மேலே பெட்டியில் கூடு கட்டிய எலி கடித்துக் குதறியிருக்கிறது. கூடு முழுக்கக் கள்ளி முள் வேறு. கை வைத்தால் ரத்தம்தான். ஓடையோரக் கம்பத்தில் ஏதோ மாடு முதுகு சொறிந்ததில் சோலார் பேனல் வடக்கே திரும்பி, பேட்டரி காலி.

ரிசர்வேஷனுக்கு, அதாவது பழங்குடிகளுக்கென்று ஒதுக்கிய நிலத்துக்கு, தண்ணீர் உரிமை உண்டென்று 1908லேயே வின்டர்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. எவ்வளவு என்பதில்தான் இழுபறி. அதைப் பேசித் தீர்க்க உட்கார்ந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் நேராக விட்டுப்போன வாரங்களில் விரல் வைக்கிறார்: "இங்கே ஏன் ரீடிங் இல்லை?" எலியையா சாட்சிக்கு அழைப்பது? இரும்புக் குழாய்க்குள் கேபிளை விடலாம் என்று கேட்டேன். அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாமாம்.