1942 குண்டுவீச்சைப் படமாக்கும்போது

1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டுவீசிய கொழும்பின் போர்க்கால இடங்களைச் சுற்றுலாவாகவும் பாடசாலைப் படங்களாகவும் காட்டலாம் என்று ஒரு கட்டுரை சொன்ன யோசனை மிக அவசியமானது. ஆனால் துறைமுகத்தில் தொடங்காதீர்கள், தென்கரையிலுள்ள கொக்கலையில் தொடங்குங்கள். 1942 ஏப்ரல் 4 அன்று அங்கிருந்து பறந்த கட்டலினா என்ற கண்காணிப்பு விமானம்தான் ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படையைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தி அனுப்பியது. அப்படியிருந்தும் மறுநாள் காலை எதிரி தலைக்கு மேல் வந்த பிறகே இரத்மலானையிலிருந்த பிரித்தானியரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் கிளம்பின. ஏன் என்று மாணவர்களைக் கேட்க வையுங்கள், படத்தின் உயிரே அதுதான்.

பேர்ள் ஹாபர் காட்சிகளைக் கொழும்பு என்று ஒட்டாதீர்கள். காட்சி இல்லையா, வரைபடம் போடுங்கள். பழைய காட்சி எதுவானாலும் இடமும் ஆண்டும் திரையில் வரவேண்டும். மூழ்கிய பிரித்தானியக் கப்பல்களையும் பலர் குழப்புகிறார்கள்: துறைமுகத்தில் மூழ்கியவை ஹெக்டர், டெனெடோஸ். டோர்செட்ஷயரும் கோர்ன்வாலும் மூழ்கியது இலங்கைக்குத் தென்மேற்கே ஆழ்கடலில். விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அதன் சிதைவு 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, பொழுதுபோக்குச் சுழியோடிகளை அங்கே கூட்டிப்போகக் கூடாது.

கொழும்பில் ஒரு நாளுக்கு, அன்று ஓடுபாதையாக இருந்த ரேஸ்கோர்ஸ், இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகம், போரில் இறந்தவர்களின் கல்லறைகள் உள்ள லிவரமென்டு மயானம் மூன்றும் போதும். ட்ரோன் பறக்கவிட முன்கூட்டியே அனுமதி எடுங்கள். மயானத்தில் ட்ரோனே வேண்டாம், கல்லறைப் பெயர்களை நின்று நிதானமாகப் படமெடுங்கள்.